ஐம்பதாவது பக்கத்தில் மூடிவைத்த புத்தகம்: லெ குவினை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: உர்சுலா கே. லெ குவினை அறிபுனைவின் உச்சம் என்கிறார்கள். ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ வாங்கினேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் நகர முடியவில்லை. புரியாத சொற்கள், ஊர்வலம், அரசவைச் சூழ்ச்சி. நான் எதைத் தவறவிடுகிறேன்? வேறு எந்தப் புத்தகத்தில் தொடங்கியிருக்க வேண்டும்?

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. சற்று முன்னதாக நிறுத்திவிட்டீர்கள். நானும் முதல் முறை ஏறக்குறைய அதே இடத்தில்தான் அந்தப் புத்தகத்தை மூடிவைத்தேன். புதிதாகக் கட்டிய வளைவின் உச்சிக்கல்லை மன்னர் சாந்து பூசிப் பொருத்துகிறார், பிரதமர் ஏதோ பூடகமாகப் பேசுகிறார், ‘ஷிஃப்கிரெத்தோர்’ என்றொரு சொல் விளக்கம் எதுவும் இல்லாமல் வந்து விழுகிறது. ஓராண்டு கழித்து மீண்டும் எடுத்தபோதுதான் அந்தக் குழப்பம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று உறைத்தது. கதை சொல்பவன் கென்லி ஐ. எண்பதுக்கும் மேற்பட்ட உலகங்களின் கூட்டமைப்பு ‘கெத்தென்’ என்ற பனிக்கோளுக்கு அனுப்பிய ஒற்றைத் தூதன். வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியும் யார் நண்பர், யார் பகைவர் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குப் பிடிபடாதது நமக்கும் பிடிபடாமல் இருக்க வேண்டும் என்பதே எழுத்தாளரின் ஏற்பாடு. அவனுக்கு உண்மையிலேயே உதவ நினைக்கும் ஒரே மனிதரான எஸ்ட்ராவனை அவன் தொடக்கத்திலிருந்தே நம்ப மறுக்கிறான். நாமும் அவனோடு சேர்ந்து மறுக்கிறோம். பின்பாதியில் அதற்கான விலை கேட்கப்படும்.

லெ குவின் ஏன் இப்படி எழுதுகிறார் என்பதற்கு அவர் பிறந்த வீட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. 1929இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர், அமெரிக்க மானிடவியலின் முன்னோடிகளில் ஒருவர். 1911இல், யாஹி என்ற பழங்குடியில் மிஞ்சிய ஒரே மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் தன் கடைசி ஆண்டுகளை சான் ஃபிரான்சிஸ்கோவில் க்ரோபர் பொறுப்பில் இருந்த அருங்காட்சியகத்தில் கழித்து, 1916இல் இறந்தார். தன் பெயரைத் தானே சொல்வது அவருடைய மரபில் இல்லை. அவருக்காக அதைச் சொல்ல அவருடைய இனத்தில் யாரும் மிஞ்சியிருக்கவும் இல்லை. எனவே அவருடைய மொழியில் மனிதன் என்று பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லாலேயே க்ரோபர் அவரை அழைத்தார். உண்மைப் பெயர் அவரோடு போய்விட்டது. லெ குவினின் தாய் தியோடோரா, 1961இல் இஷியின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

இஷியை லெ குவின் பார்த்ததில்லை, அவர் பிறப்பதற்கு முன்பே இஷி மறைந்துவிட்டார். ஆனால் ஒரு மொழி அதைப் பேசிய கடைசி மனிதரோடு சேர்ந்து புதைந்துபோகும் என்பது அந்த வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. லெ குவினின் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் எனக்கு இதுதான் முதலில் தென்படுகிறது: அவர் ஓர் உலகத்தைக் கற்பனை செய்யும்போது அதன் சொற்களிலிருந்து தொடங்குகிறார். அங்கே எந்தச் சொல் உண்டு, எது இல்லை, எதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பதிலிருந்துதான் அந்த ஊரின் சட்டமும் காதலும் போரும் முளைக்கின்றன. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவருடைய புத்தகங்கள் திறந்துகொள்ளும்.

உங்களுக்கு நான் முதலில் தரும் புத்தகம் ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’. 1968இல் வந்தது. பெர்க்லியில் இருந்த ஒரு சிறு பதிப்பாளர், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு கதை கேட்டதால் எழுதப்பட்டது. மந்திரவாதிகள் என்றாலே தாடி நரைத்த கிழவர்கள்தானே, அவர்களும் ஒருகாலத்தில் பையன்களாக இருந்திருப்பார்களே, எங்கே போய்ப் படித்திருப்பார்கள் என்ற கேள்வியிலிருந்து கதை பிறந்தது. கடல் நடுவே நூற்றுக்கணக்கான தீவுகள். கான்ட் தீவில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன். அந்த உலகில் ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும். ஆகவே மனிதர்கள் தங்கள் மெய்ப்பெயரை மறைத்து வைத்து, ஊருக்கு ஒரு பெயரால் வாழ்கிறார்கள். நண்பனிடம் அதைச் சொல்வது உயிரையே அவன் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். இஷி சொல்லாமல் போன பெயர் எனக்கு நினைவுக்கு வராமல் இந்தப் பக்கங்களைப் படித்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீவுகளில் பெரும்பாலோர் பழுப்பு நிறத்தவர் அல்லது கறுப்பு நிறத்தவர். நாயகன் கெட் செம்பழுப்பு, அவனுடைய உற்ற தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத் தோலுடன் கதையில் முதலில் வருபவர்கள் கப்பலில் வந்து கொள்ளையடிக்கும் கார்காட் மக்கள். மிகுபுனைவு என்றாலே வடஐரோப்பிய முகங்கள் என்றிருந்த 1968இல் அவர் இதைச் சத்தமில்லாமல் செய்தார். அட்டைப்படங்கள் நெடுநாள் அவனை வெள்ளையனாகவே வரைந்தன. 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி எடுத்த தொடரிலும் அதுவே நடந்தது. லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

முதல் புத்தகம் பிடித்தால் உடனே இரண்டாவதை எடுங்கள்: ‘தி டூம்ஸ் ஆஃப் அட்டுவன்’, 1971. மெலிந்த புத்தகம்தான், ஆனால் எர்த்ஸீ வரிசையில் எனக்கு மிக நெருக்கமானது இதுவே. டெனார் என்ற சிறுமியை, இறந்துபோன தலைமைப் பூசாரியின் மறுபிறவி என்று சொல்லி, ஐந்து வயதில் பெற்றோரிடமிருந்து கொண்டுபோகிறார்கள். பெயரைப் பறித்து ‘அர்ஹா’ என்று அழைக்கிறார்கள். உண்ணப்பட்டவள் என்று பொருள். பாலைவனத்தின் நடுவே, பெயரற்ற தெய்வங்களின் கல்லறைகளுக்கு அடியில், விளக்குக் கொண்டுபோகக்கூடாத ஒரு குகையும் அதற்கு அப்பால் ஒரு சிக்கல்வழியும் இருக்கின்றன. இருட்டில் சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணியபடி அவள் நடக்கப் பழகுகிறாள். அது அவளுடைய ராஜ்யம். ஒருநாள் அங்கே வெளிச்சம் தெரிகிறது. கோலின் நுனியில் சுடர் ஏந்தி ஓர் அந்நியன் நிற்கிறான். அந்த ஒளியில் அவள் முதன்முதலாகத் தன் குகையைப் பார்க்கிறாள். சுவரும் கூரையும் படிகங்களால் மின்னுகின்றன. இத்தனை ஆண்டு தன் கைபட்ட சுவர் இவ்வளவு அழகானது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அவனைக் கொல்ல வேண்டிய கடமை அவளுடையது. அவன் அவளுக்குத் தருவது ஒரே ஒரு சொல், அவளுடைய பழைய பெயர். விடுதலை கிடைத்தபின் அவள் மகிழ்ந்து ஆடுவதில்லை. வீணான ஆண்டுகளை எண்ணி அழுகிறாள். விடுதலை பெரும் பாரம், அது பரிசாகக் கிடைப்பதல்ல, தேர்ந்துகொள்ள வேண்டிய ஒன்று என்று லெ குவின் அந்த இடத்தில் எழுதுகிறார். சிறுவர் நூல் என்று வகைப்படுத்தப்பட்ட ஒன்றில் இதைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்றது.

மூன்றாவது, ‘தி ஃபார்தஸ்ட் ஷோர்’, சாவைப் பற்றியது. கம்பீரமானது, ஆனால் சற்று நீள்கிறது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் வந்த ‘டெஹானு’வைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். முதல் புத்தகத்திலேயே கான்ட் தீவின் பழமொழிகள் இரண்டு வருகின்றன: பெண்ணின் மந்திரம்போலப் பலவீனம், பெண்ணின் மந்திரம்போலத் தீது. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. எழுதியவர் ஒரு பெண். 1968இல் அவருக்கே அது உறுத்தவில்லை, வீரக் கதை என்றால் ஆணின் கதை என்ற வழக்கத்தில் அவரும் எழுதினார். ‘டெஹானு’வில் அதே உலகத்துக்குத் திரும்பி வந்து, அதைக் கீழிருந்து பார்க்கிறார். டெனார் இப்போது நடுவயது விதவை. பண்ணை வேலை செய்கிறவள், பிள்ளைகள் பெற்றவள். ஆற்றல் அனைத்தையும் இழந்த கெட் அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெற்றவர்களே தீயில் தள்ளிய, பாதி முகம் வெந்த ஒரு சிறுமியை டெனார் வளர்க்கிறாள். மந்திரச் சண்டைகளை எதிர்பார்த்தவர்கள் பாத்திரம் கழுவுவதையும் ஆடு கறப்பதையும் கண்டு ஏமாந்தார்கள், கோபப்பட்டார்கள். நான் அந்தக் கோபத்தில் பங்குகொள்ளவில்லை. உலகமே கொண்டாடிய தன் படைப்பைத் தானே எடுத்து, இங்கே நான் பார்க்கத் தவறினேன் என்று கதையாகவே எழுதிக் காட்ட எத்தனை எழுத்தாளர்களுக்கு மனம் வரும்?

இனி நீங்கள் மூடிவைத்த புத்தகத்துக்கு வருகிறேன். 1969இல் வந்தது. ஹியூகோ, நெபுலா என்ற அறிபுனைவின் இரு பெரும் விருதுகளையும் பெற்றது. நாவலுக்கான ஹியூகோவை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை. கெத்தென் மக்கள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். மாதத்தில் சில நாள் மட்டும் உடலில் வேட்கை எழும். அந்த நாட்களில் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். எதுவாக மாறுவார் என்பது அவர் கையில் இல்லை. ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாயாகவும் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். ‘மன்னர் கருவுற்றிருந்தார்’ என்பது அந்த நாவலின் மிகப் புகழ்பெற்ற வாக்கியம்.

அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் அது வாசகரை உலுக்குகிறது. தமிழ் இலக்கணம் சிறிதும் தடுமாறுவதில்லை. மன்னர் வந்தார், மன்னர் கருவுற்றிருந்தார், இரண்டுக்கும் ஒரே விகுதி. லெ குவினுக்கு இருந்த பெரிய இக்கட்டு இதுதான். ஆங்கிலத்தில் ஒருவரைச் சுட்ட ‘ஹி’ அல்லது ‘ஷி’ வேண்டும். அவர் ‘ஹி’யைத் தேர்ந்தார். விளைவாக, கெத்தென் மக்கள் எல்லோரும் வாசகர் மனத்தில் ஆண்களாகவே பதிந்தார்கள். பெண்ணிய விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1976இல் எழுதிய கட்டுரையில் அவர் தன் தேர்வுக்காக வாதாடினார். பத்தாண்டுகளுக்குப் பின் அதே கட்டுரையை எடுத்து, வரிகளுக்கு இடையே மறுப்புகளை எழுதி, தன் எண்ணம் மாறியதைக் காட்டி வெளியிட்டார். பழைய வரிகளை அழிக்கவில்லை. அதே உலகில் நடக்கும் ‘வின்டர்ஸ் கிங்’ என்ற சிறுகதையைத் தொகுப்பில் சேர்த்தபோது, மன்னர் என்ற பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ‘ஹி’ எல்லாவற்றையும் ‘ஷி’ ஆக்கினார்.

‘அவர்’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அப்படியானால் தமிழில் இந்தச் சிக்கல் தீர்ந்ததா? நான் இந்தப் பதிலிலேயே கென்லியை ‘அவன்’ என்றும் எஸ்ட்ராவனை ‘அவர்’ என்றும் எழுதிக்கொண்டு வருகிறேன். பாதிவரை அது சரியாகத்தான் இருக்கிறது. பின்பாதியில், எஸ்ட்ராவன் கென்லியைக் கட்டாய உழைப்பு முகாம் ஒன்றிலிருந்து தப்புவித்து, இருவரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பெரும் பனிவெளியைக் கடக்கிறார்கள். ஏறத்தாழ எண்பது நாள். ஒரே கூடாரம், ஒரே அடுப்பு, எண்ணி வைத்த உணவு. நெருக்கம் வளர்கிறது. இப்போது கென்லி நம்மிடம் எஸ்ட்ராவனைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’ என்று சொன்னால் அந்த நெருக்கம் விலகிப்போகிறது. ‘அவன்’ என்றாலோ ‘அவள்’ என்றாலோ பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் மொழியில் மரியாதைக்குப் பால் இல்லை. உரிமையோடு பேச வந்தவுடன் பால் வந்துவிடுகிறது. இது ஆங்கிலத்தில் இல்லாத, நமக்கே உரிய சிக்கல். லெ குவினைப் படிக்காமல் இருந்திருந்தால், பிறந்ததிலிருந்து பேசிவரும் மொழியில் இப்படியொரு மடிப்பு இருப்பதை நான் கவனித்தே இருக்கமாட்டேன்.

அந்தக் கூடாரத்தில் ஓர் இரவு, பெண்கள் என்பவர்கள் எப்படி, ஆண்களிலிருந்து முற்றிலும் வேறான இனமா என்று எஸ்ட்ராவன் கேட்கிறார். கென்லியால் விளக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் உங்களைவிடப் பெண்களே எனக்கு அந்நியம் என்று ஒப்புக்கொள்கிறான். வேற்றுக்கோள் கதை என்று எடுத்த புத்தகத்தில் இப்படி ஓர் ஒப்புதல். கென்லி ஐயின் பெயரில் உள்ள ‘ஐ’ எஸ்ட்ராவனின் காதில் வலியில் எழும் குரலாகக் கேட்கிறது என்ற குறிப்பும் உண்டு. ‘ஐயோ’வை அறிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘தி டிஸ்பொஸஸ்ட்’, 1974. உடைமையற்றோர் என்று சொல்லலாம். அவருடைய அறிவின் உழைப்பு முழுவதும் தெரியும் நாவல் இது. வியட்நாம் போர்க் காலத்தில் அவர் காந்தியில் தொடங்கி, அகிம்சை பற்றிய நூல்கள் வழியாக ரஷ்யச் சிந்தனையாளர் க்ரொப்போட்கினின் அரசின்மைக் கொள்கைக்கு வந்து சேர்ந்தார். யூரஸ் என்ற செழிப்பான கோளை விட்டு வெளியேறிய புரட்சியாளர்கள் அதன் வறண்ட நிலவான அனரெஸில் அரசு, சிறை, பணம் எதுவும் இல்லாமல் வாழ்கிறார்கள். ஏழு தலைமுறை ஆகிவிட்டது. அவர்கள் உருவாக்கிய ப்ராவிக் மொழியில் ‘என்னுடையது’ என்பது பேச்சுவழக்கில் இல்லை. ‘நான் பயன்படுத்தும் கைக்குட்டையை நீங்களும் பகிர்ந்துகொள்ளலாம்’ என்கிறாள் ஒரு சிறுமி. வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல். ஆங்கில வாசகருக்கு இது அதிர்ச்சி. ‘எனக்கு ஒரு வீடு இருக்கிறது’ என்று சொல்லிப் பழகிய நமக்கு, அதாவது ‘ஹேவ்’ என்ற வினைக்கு நேரான சொல் அன்றாடப் பேச்சில் இல்லாமலே வாழ்கிற நமக்கு, அவ்வளவு அதிர்ச்சி இருக்காது. அம்மாவைக்கூட ‘எங்கள் அம்மா’ என்றுதான் சொல்கிறோம். அதனால் நம்மிடம் சொத்துச் சண்டை குறைந்துவிடவில்லை. லெ குவினுக்கும் இது தெரியும். சொல்லை மாற்றினால் மனிதன் மாறிவிடுவான் என்று அவர் எழுதவில்லை. அனரெஸில் சட்டம் இல்லை, ஆனால் ஊர்வாய் இருக்கிறது. ஷெவெக் என்ற இயற்பியலாளரின் ஆய்வைத் தன் பெயரையும் சேர்த்து வெளியிடும் மூத்தவர் இருக்கிறார். பஞ்சகாலத்தில் யாருக்கு முதலில் உணவு என்ற கேள்வி வரும்போது கொள்கை நடுங்குகிறது. நாவல் ஒரு சுவரில் தொடங்குகிறது. அது விண்கலத் துறையைச் சுற்றி நிற்கும் சாதாரணச் சுவர். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் அடைபட்டிருப்பது துறைமுகம். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அனரெஸ் முழுவதும்.

ஷெவெக்கின் கோட்பாடு எந்தக் கருவிக்கு வழிவகுக்கிறதோ அதன் பெயர் ஆன்சிபிள். எத்தனை ஒளியாண்டு தொலைவானாலும் அந்தக் கணமே செய்தி சேர்க்கும் கருவி. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குப் பணிகளை ஏவும் ஒரு மென்பொருள் அதே பெயரில் இருக்கிறது. அந்தச் சொல்லை உருவாக்கியவர் லெ குவின். 1966இல் வந்த அவருடைய முதல் நாவலிலேயே அது வருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தி லேத் ஆஃப் ஹெவன்’ 1971இல் வந்தது. காணும் கனவு விடிந்ததும் மெய்யாகிவிடும் ஒரு சாதுவான மனிதனும், அவனை வைத்து உலகைத் திருத்த நினைக்கும் மருத்துவரும். நிறவெறி ஒழிய வேண்டும் என்று கனவு காணச் சொன்னால், விடியும்போது எல்லோரும் சாம்பல் நிறம். நல்லெண்ணத்தின் அகங்காரத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான நாவலை நான் படித்ததில்லை. லெ குவின் இளவயதிலிருந்து சீனத் தத்துவமான தாவோவின் நூல்களில் ஊறியவர் என்பது இதில் நன்றாகத் தெரியும். ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ வியட்நாம் போரின் சினத்தில் எழுதப்பட்டது. காடு அழிப்பைப் பற்றிய பக்கங்கள் வலியவை, ஆனால் வில்லன் டேவிட்சனிடம் நல்லது என்று ஒன்றுமே இல்லை. அவ்வளவு முழுத் தீமை மற்ற நாவல்களில் அவர் எழுதாதது. ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ கதை, பாட்டு, சமையல் குறிப்பு, அகராதி எல்லாம் கலந்து, இனிமேல் வாழப்போகும் ஒரு மக்களைப் பற்றிய இனவரைவியல். தந்தையின் மகள் எழுதிய புத்தகம் என்று அதைத்தான் சொல்வேன், ஆனால் அதைக் கடைசியில் படியுங்கள். ‘லவினியா’ 2008இல், எழுபத்தெட்டு வயதில் எழுதியது. ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத இளவரசிக்கு அவர் குரல் தந்தார்.

நாவலுக்கு நேரமில்லை என்றால் ‘தி ஒன்ஸ் ஹூ வாக் அவே ஃப்ரம் ஓமெலாஸ்’ என்ற 1973ஆம் ஆண்டுச் சிறுகதையை இன்று இரவே படித்துவிடலாம். சில பக்கங்கள்தான். திருவிழாக் கோலத்தில் ஒரு நகரம், எல்லோருக்கும் மகிழ்ச்சி, அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக நிலவறையில் பூட்டப்பட்ட ஒரு குழந்தை. ஊருக்கே அது தெரியும். ஆரிகன் மாநிலத்தில் சேலம் (Salem, O) என்று எழுதிய சாலைப் பலகையைக் காரின் கண்ணாடியில் பின்னிருந்து முன்னாகப் படித்ததில் கிடைத்த பெயர் ஓமெலாஸ். அந்தக் கதையில் அந்தக் குழந்தையை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லாமல் ‘அது’ என்றே எழுதுகிறார். நாம் குழந்தைகளை ‘அது’ என்பது கொஞ்சலில். அங்கே அதே சொல் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஆகவே, நான் உங்களிடத்தில் இருந்தால் ஓமெலாஸ் முதலில், பிறகு எர்த்ஸீயின் முதல் இரண்டு. அதன்பின் நீங்கள் மூடிவைத்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்தே எடுங்கள், விட்ட இடத்திலிருந்து வேண்டாம். ஏழாவது அத்தியாயம் ஒரு கள ஆய்வுக் குறிப்பு, கெத்தென் உடலைப் பற்றிய விளக்கம் முழுவதும் அதில் இருக்கிறது. குழப்பம் பொறுக்க முடியாவிட்டால் அதை முதலில் படிப்பதில் தவறில்லை. பதினைந்தாவது அத்தியாயத்தில் பனிவெளிப் பயணம் தொடங்கும். அங்கே சேர்ந்தபின், கூடாரத்துக்குள் இருக்கும் எஸ்ட்ராவனை உங்கள் மனம் எந்தச் சொல்லால் சுட்டுகிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். இத்தனை முறை படித்தும் எனக்கு அந்தச் சொல் இன்னும் கிடைக்கவில்லை.